ஆண்டு அனுபவித்துக்கொள்ள

மார்ச் 4

அன்புள்ள அண்ணாவுக்கு,

பாப்பா எழுதுவது. இங்கே நான் சுகம். உங்கள் இருமலும் அண்ணியின் முழங்கால் வலியும் எந்த அளவில் இருக்கின்றன என்று எழுதுங்கள். நாற்பத்தொரு வயதில் 'பாப்பா' என்று எழுத எனக்கே சிரிப்பாகத்தான் இருக்கிறது. வேறு பெயரில் எழுதினால் யாரோ என்று நினைத்து உறையைப் பிரிக்காமல் வைத்துவிடுவீர்கள்.

போனில் சொன்னால் "எழுத்துல அனுப்பு, அப்புறம் பேசலாம்" என்பீர்கள். அதனால் நேராக எழுத்திலேயே வந்துவிட்டேன். எனக்கு ஒரு பத்திரம் எழுதித் தர வேண்டும்.

நான் செய்கிற சாரம் பற்றி உங்களுக்கு அரைகுறையாகத் தெரியும். கட்டடம் கட்டும்போது சுற்றிலும் கம்பு கட்டி நிறுத்துகிறார்களே, அந்தப் பெயரைத்தான் வைத்தேன். மென்பொருள் எழுதுகிறவர்கள் ஒவ்வொரு தடவையும் உள்ளே நுழைகிற திரை, பட்டியல், படிவம், தேடுகிற பெட்டி என்று அரைத்த மாவையே அரைக்கிறார்கள். அதெல்லாம் சாரத்தில் தயாராக இருக்கும். அதன் மேல் ஏறி நின்றுகொண்டு தங்கள் வேலையை மட்டும் அவர்கள் பார்த்தால் போதும். எங்கள் தொழிலில் இதற்கு ஃப்ரேம்வொர்க் என்று பெயர். ஐந்து வருஷம் இலவசமாகக் கொடுத்தேன். 'விருப்பமிருந்தால் நன்கொடை தாருங்கள்' என்று ஒரு பொத்தானும் வைத்தேன். விருப்பம் எல்லாருக்கும் இருந்தது. பொத்தானை அமுக்கத்தான் யாருக்கும் கை வரவில்லை.

போன வருஷம் வேலையை விட்டது உங்களுக்குத் தெரியும். இப்போது ஒரு சலவைக் கடையின் மாடியில் அறை எடுத்திருக்கிறேன். கீழே இயந்திரங்கள் ஓடினால் இங்கே மேஜை நடுங்கும். என்னோடு இரண்டு பேர். ஒருவர் சோதனைக்காரர். நான் கட்டுவதையெல்லாம் உடைத்துப் பார்ப்பது அவர் வேலை. ஐம்பத்திரண்டு வயது, சிரிக்கவே மாட்டார். இன்னொருத்தி திரைகளை வரைகிறவள். இவர்களுக்குச் சம்பளம் கொடுத்தாக வேண்டும், அதனால் சாரத்துக்கு விலை வைக்கப் போகிறேன். என் சேமிப்பு இன்னும் ஒரு வருஷம் தாங்கும். அதற்குள் சாரம் தன் காலில் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் யாராவது பெரிய நிறுவனத்திடம் அதைக் கொடுத்துவிட்டு நான் மறுபடி வேலைக்குப் போக வேண்டியதுதான்.

ஆளுக்கு இவ்வளவு என்று வைக்கலாமா என்று பார்த்தேன். சின்ன நிறுவனங்களில் மூன்று பேர் ஒரே கம்ப்யூட்டரில் மாறி மாறி உட்காருகிறார்கள். அங்கே போய்த் தலையை எண்ணினால் அவர்களைப் பொய் சொல்ல வைத்த மாதிரி ஆகும். அதனால் நிறுவனத்துக்கு இவ்வளவு, ஆண்டுக்கு ஆண்டு. எத்தனை பேர் வேண்டுமானாலும் பயன்படுத்தட்டும். மற்றவர்களின் லைசென்ஸ்களைப் படித்துப் பார்த்தேன். ஒருவரைப் பார்த்து ஒருவர் காப்பியடித்து, கடைசியில் யாருக்கும் புரியாத ஒன்றாக இருக்கிறது. என்னுடையதை வாங்குகிறவர் படித்தால் விளங்க வேண்டும். சாரத்தை ஆண்டு முறையில் அனுபவிக்கும் உரிமை, அவ்வளவுதான் விஷயம். எழுதித் தருவீர்களா?

அண்ணியை மிகவும் கேட்டதாகச் சொல்லுங்கள்.

உங்கள்
பாப்பா


மார்ச் 19

பாப்பாவுக்கு அண்ணனின் ஆசிகள்.

நாங்கள் சௌக்கியம். இருமல் போய்விட்டது. உன் அண்ணிக்கு மாடிப்படியைப் பார்த்தால் முழங்கால் வலிக்கிறது, கடைத்தெருவைப் பார்த்தால் சரியாகிவிடுகிறது. இதை அவள் படிக்க மாட்டாள் என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். ஒரே பொருளை நாற்பது பேரிடம் கொடுப்பாயாம், நாற்பது பேரிடமும் பணம் வாங்குவாயாம், பொருள் உன்னிடமே இருக்குமாம். என் மேஜைக்கு முன்னால் வந்து ஒருவர் இப்படிச் சொல்லியிருந்தால் அவரை உட்கார வைத்துவிட்டு போலீசுக்கு ஆள் அனுப்பியிருப்பேன். நீ என் தங்கை என்பதால் காகிதம் எடுத்தேன்.

எழுதிக்கொண்டிருந்தபோது, வழக்கமாகக் கடைப் பத்திரத்துக்கு வருகிற ஒருவர் எட்டிப் பார்த்தார்.

"என்ன சார், நிலமா, வீடா?"

"ரெண்டும் இல்லீங்க. தங்கச்சி கட்டின சாரம்."

"சாரத்துக்கெல்லாமா பத்திரம்? வேலை முடிஞ்சா அவுத்துடுவாங்களே!"

"இது அவுக்காத சாரம்" என்றேன். எனக்கே நான் சொன்னது பாதிதான் விளங்கியது.

இருபத்தெட்டு வருஷமாகப் பதிவு அலுவலகத்துக்கு எதிரே மேஜை போட்டு உட்கார்ந்திருக்கிறேன். நான் எழுதிய பத்திரத்தை ஓர் எழுத்துக்காகக்கூட யாரும் திருப்பி அனுப்பியதில்லை. பெருமைக்காகச் சொல்லவில்லை என்று எழுதலாம்தான், ஆனால் பெருமைக்காகத்தான் சொல்கிறேன். இரண்டு பக்கம் இத்துடன் இருக்கிறது. முதல் பக்கத்தில் நீ கேட்டது. இரண்டாம் பக்கம் எல்லாப் பத்திரத்துக்கும் நான் எழுதுகிற வழக்கமான சங்கதி. படித்துப் பார்த்துச் சந்தேகம் இருந்தால் கேள்.

நேரத்துக்குச் சாப்பிடு.

அண்ணன்


ஏப்ரல் 2

அன்புள்ள அண்ணாவுக்கு,

நான் நலம். நீங்கள் அண்ணியைப் பற்றி எழுதியதை அண்ணியிடம் சொல்லாமல் இருக்க எனக்கு என்ன தருவீர்கள் என்று முதலில் எழுதுங்கள்.

பத்திரம் வந்தது. முதல் பக்கத்தை எல்லாருக்கும் சத்தமாகப் படித்துக் காட்டினேன். 'மேற்படி சாரத்தைத் தாங்களும் தங்களுக்குப் பின் வருபவர்களும் தங்கள் விருப்பம்போல் ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது' என்ற இடத்தில் வரைகிறவள் கை தட்டினாள். லைசென்ஸ் என்றால் அது செய்யாதே, இது செய்யாதே என்றுதான் இருக்கும். நீங்கள் அனுபவித்துக்கொள் என்று எழுதியிருக்கிறீர்கள். 'ஆண்டு' என்று நான் கேட்டதும் சரியான இடத்தில் வந்து விழுந்திருக்கிறது. 'பின் வருபவர்களும்' என்று, வேலைக்குப் புதிதாகச் சேருகிறவர்களைக்கூட யோசித்திருக்கிறீர்கள். எனக்கு அது தோன்றவே இல்லை. இரண்டாம் பக்கம் உங்கள் வழக்கமான சங்கதி என்று சொன்னதால் அப்படியே சேர்த்துவிட்டேன்.

நேற்று வெளியிட்டோம். முதலில் வாங்கியது ஒரு பேருந்து டிக்கெட் நிறுவனம். எங்களிடம் வருகிறவர்களில் அதுதான் பெரியது. இரண்டாவது, கண்ணாடிக் கடைகளுக்கு மென்பொருள் செய்கிற மூன்று பெண்கள். சோதனைக்காரரிடம் சொன்னேன். "சரி" என்றார். அவர் அளவுக்கு அது கொண்டாட்டம்தான்.

சந்தோஷமாக இருக்கிறேன் அண்ணா. ரொம்ப நாளைக்கப்புறம் இப்படி எழுத முடிகிறது.

உங்கள்
பாப்பா


ஆகஸ்ட் 11

பாப்பாவுக்கு அண்ணனின் அன்பு.

இங்கே எல்லாரும் நலம். நாற்பத்து மூன்று நிறுவனங்கள் வாங்கிவிட்டதாக நீ ஜூலையில் எழுதிய கடிதத்தைச் சட்டைப் பையிலேயே வைத்திருந்தேன். சட்டையோடு சேர்த்துத் தண்ணீரில் போட்டுவிட்டாள் உன் அண்ணி. காய வைத்துப் பெட்டியில் வைத்திருக்கிறேன்.

எதிர்த்த மேஜையில் பத்திரம் எழுதுகிறவர் எங்கேயோ போய் ஒரு லைசென்ஸ் கொண்டுவந்து காட்டினார், நாற்பது பக்கம். "உங்க தங்கச்சிக்கு எத்தனை பக்கம் எழுதினீங்க?" என்றார். ரெண்டு என்றேன். மனிதருக்கு முகம் தொங்கிப் போய்விட்டது. அன்றைக்கு எனக்கு இரண்டு வேளைச் சாப்பாடு சேர்ந்தாற்போல் இறங்கியது.

இனி ஏப்ரலில் அவர்களெல்லாம் அடுத்த வருஷத்துக்குப் பணம் கட்ட வேண்டும், அதுதான் உண்மையான பரீட்சை என்று எழுதியிருந்தாய். கட்டுவார்கள். உன் கை அப்படி. எப்படிப் போகிறது என்று அவ்வப்போது எழுது. உன் தொழில் எனக்குப் புரிகிறதோ இல்லையோ, படிக்கப் பிடித்திருக்கிறது.

அண்ணன்


டிசம்பர் 8

அன்புள்ள அண்ணிக்கு,

இந்தக் கடிதத்தை நீங்கள் வேலை பார்க்கிற மருந்துக் கடை விலாசத்துக்கு ஏன் அனுப்பினேன் என்று யோசிப்பீர்கள். வீட்டுக்கு வந்தால் அண்ணா பிரித்துவிடுவார். பயப்படாதீர்கள், உடம்புக்கு ஒன்றுமில்லை. உங்கள் முழங்கால் தேவலையா?

போன மாதம் நாற்பத்து மூன்று பேருக்கும் நினைவூட்டல் அனுப்பினேன். ஏப்ரலில் ஆண்டு முடிகிறது, புதுப்பித்துக்கொள்ளுங்கள் என்று. பேருந்து டிக்கெட் நிறுவனத்தின் வக்கீலிடமிருந்து பதில் வந்தது. மரியாதையான கடிதம்தான். 'ஆண்டு அனுபவித்துக்கொள்ள என்றால், சொந்தமாக்கிக்கொண்டு ஆளுவது என்றே பத்திரங்களில் காலம் காலமாகப் பொருள். பின் வருபவர்கள் என்றால் வாரிசுகள். ஆகவே எங்கள் நிறுவனம் சாரத்தை விலை கொடுத்து வாங்கிவிட்டது. சொந்தப் பொருளுக்கு யாரும் வருஷா வருஷம் பணம் கட்டுவதில்லை' என்று எழுதியிருக்கிறார்.

நான் 'ஆண்டு' என்பதைப் பன்னிரண்டு மாதம் என்று படித்தேன் அண்ணி. அண்ணா பத்திரம் எழுதுகிற கையால் 'ஆண்டு' என்று எழுதியிருக்கிறார், ராஜா ஆண்டான் என்கிறோமே, அந்த ஆண்டு. இரண்டு பேரும் ஒரே வார்த்தையைப் பார்த்து, இரண்டு பேரும் சரி என்று தலையாட்டியிருக்கிறோம். அந்தக் காகிதத்தைப் படித்தால் வக்கீல் சொல்வதுதான் சரி. விஷயம் மற்ற நாற்பத்திரண்டு பேருக்கும் தெரிந்தால் ஏப்ரலில் ஒரு காசு வராது.

இந்த நேரம் பார்த்து ஒரு பெரிய நிறுவனம் சாரத்தை விலைக்குக் கேட்கிறது. மார்ச் 31க்குள் பதில் சொல்ல வேண்டுமாம். வாங்கினால் ஆறே மாதத்தில் சாரத்தை நிறுத்திவிட்டு எல்லாரையும் தங்கள் பொருளுக்கு இழுத்துக்கொள்வார்கள். அங்கே தலைக்கு இவ்வளவு என்று கட்டணம். கண்ணாடிக் கடை மென்பொருள் செய்கிற மூன்று பெண்களும் அதைக் கட்டிவிட்டுச் சாப்பிட முடியாது. லைசென்ஸில் இப்படி ஒரு சிக்கல் இருக்கிறது என்று நானே சொன்னேன். "அதை எங்க வக்கீலுங்க பாத்துப்பாங்க" என்று சிரித்தார்கள்.

விற்க எனக்கு மனமில்லை. வேறு வழியும் தெரியவில்லை. அண்ணாவிடம் மட்டும் சொல்லாதீர்கள். இருபத்தெட்டு வருஷமாக ஓர் எழுத்து தப்பவில்லை என்று சொல்லிக்கொண்டிருக்கிற மனிதர். அவர் தப்பு செய்தது என் பத்திரத்தில்தான் என்று தெரிந்தால் தாங்க மாட்டார்.

உங்கள்
பாப்பா


டிசம்பர் 21

பாப்பாவுக்கு அண்ணி எழுதுவது.

முழங்கால் தேவலை. உன் கடிதத்தை மாத்திரை டப்பாக்களுக்கு நடுவில் நின்றுகொண்டு படித்தேன். வந்தவர்களுக்குச் சில்லறையைத் தப்பாகக் கொடுத்தேன்.

நீ சொல்லாதே என்றதால் சொல்லவில்லை. ஆனால் இது எனக்குப் பிடிக்கவில்லை என்பதை எழுதிவிடுகிறேன். உன் அண்ணா தாங்க மாட்டார் என்று நீயே முடிவு கட்டினாய். எனக்கு அவரோடு இருபத்தாறு வருஷம். வீட்டில் ஒரு நாளைக்கு நாலு தப்பு செய்கிறார், நாலையும் நான் சொல்கிறேன், நன்றாகத்தான் சாப்பிடுகிறார், தூங்குகிறார்.

தினமும் "பாப்பா கிட்டேர்ந்து ஏதாவது வந்துச்சா?" என்று கேட்கிறார். "வரலை" என்கிறேன். அதைச் சொல்லும்போது முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அவருக்காவது ஒரு வரி எழுதிப் போடு.

விற்பதைப் பற்றி எனக்குச் சொல்லத் தெரியாது. அவசரப்படாதே. அவ்வளவுதான்.

அண்ணி


ஜனவரி 10

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலமாக இருக்கிறேன். நீங்களும் அண்ணியும் நலம்தானே? எழுதி நாளாகிவிட்டது, மன்னியுங்கள். வேலை அதிகம்.

இங்கே குளிர். சலவைக் கடை மேலே இருப்பதில் ஒரு லாபம், தரை கதகதப்பாக இருக்கும். வரைகிறவள் செருப்பைக் கழற்றிவிட்டு வேலை செய்கிறாள். சோதனைக்காரர் புதுக் கண்ணாடி போட்டிருக்கிறார். நாலாம் பதிப்பு பாதி முடிந்திருக்கிறது.

வேறு விசேஷம் ஒன்றுமில்லை. இருமல் திரும்ப வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள்
பாப்பா


ஜனவரி 23

பாப்பா,

நலம் விசாரிக்கிற மனநிலையில் நான் இல்லை.

நீ எழுதிய கடிதத்தில் செருப்பு இருக்கிறது, கண்ணாடி இருக்கிறது, தரையின் சூடுகூட இருக்கிறது. ஏப்ரல் மட்டும் இல்லை. ஆகஸ்ட் வரைக்கும் கடிதத்துக்குக் கடிதம் ஏப்ரல், புதுப்பித்தல் என்று எழுதிக்கொண்டிருந்தவள், ஏப்ரல் நெருங்கி வரும்போது தரையைப் பற்றி எழுதினால் எனக்கு மூக்கில் வியர்க்காதா? எதை எழுதாமல் விட்டிருக்கிறார்கள் என்று பார்த்துத்தான் நான் பிழைக்கிறேன்.

என்னிடம் இருந்த நகலை எடுத்தேன். யாரோ எழுதியதைப் படிப்பது போல் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தேன். ஐந்தாவது வரியில் நின்றுவிட்டேன். நீ ஆண்டு கேட்டாய், நானும் ஆண்டு என்றுதான் எழுதினேன். உன் ஆண்டுக்குப் பன்னிரண்டு மாதம். என் கைக்குப் பழகிய ஆண்டுக்கு முடிவே கிடையாது. பேனாவை வைத்தால் அந்த வரி தானாக ஓடுகிற அளவுக்கு எழுதியிருக்கிறேன். கை எழுதிக்கொண்டே போயிருக்கிறது, நான் பின்னால் வரவில்லை.

அண்ணியைக் கேட்டேன். இரண்டு நிமிஷம் தாக்குப்பிடித்தாள், பிறகு உன் கடிதத்தைக் கொண்டுவந்து கொடுத்தாள். அவளைக் கோபித்துக்கொள்ளாதே.

தப்பு என்னுடையது. உன் ஐந்து வருஷ உழைப்பை ஒரு வரியில் கிரயம் செய்து கொடுத்துவிட்டேன். இதை எழுதும்போது கை கூசுகிறது. ஆனால் அதைவிட எனக்கு வலிப்பது வேறு. என்னிடம் சொன்னால் நான் உடைந்துவிடுவேன் என்று நினைத்து, அந்நியனிடம் பேசுவது போல் குளிரைப் பற்றி எழுதினாயே, அதுதான். நான் என்ன கண்ணாடிப் பாத்திரமா? திட்டி எழுதியிருக்கலாம். "அண்ணா, என் பிழைப்பில் மண்ணைப் போட்டுவிட்டீர்கள்" என்று ஒரு வரி எழுதியிருந்தால் அன்றைக்கே பேனாவை எடுத்திருப்பேன். ஒன்றரை மாதம் வீணாகப் போயிற்று.

விற்காதே. நான் மறுபடி எழுதும் வரை யாருக்கும் கையெழுத்துப் போடாதே.

அண்ணன்


பிப்ரவரி 2

பாப்பாவுக்கு,

உன்னிடமிருந்து பதில் இல்லை. கோபமா, அழுகையா தெரியவில்லை. எதுவாக இருந்தாலும் கண்ணைத் துடைத்துக்கொண்டு இதைப் படி.

பத்து நாளாக அந்த இரண்டு பக்கத்தையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். முதல் பக்கத்தில் நான் கொடுத்தது கொடுத்ததுதான். அதில் வக்கீலிடம் வாதாடி ஜெயிக்க முடியாது, வாதாடவும் கூடாது. என் எழுத்தை நானே இல்லை என்று சொல்ல மாட்டேன்.

இரண்டாம் பக்கத்தை வக்கீலும் படிக்கவில்லை, நீயும் படிக்கவில்லை, எழுதிய நானும் மறந்துவிட்டேன். எந்தப் பத்திரத்திலும் கடைசியில் சொத்து விவரம் எழுத வேண்டும். எந்த நிலம், எவ்வளவு, எங்கே முடிகிறது என்று. அந்தப் பழக்கத்தில் உன் சாரத்துக்கும் எழுதியிருக்கிறேன். அதற்காக மார்ச்சில் உனக்குப் போன் செய்து எத்தனை கோப்பு என்றுகூடக் கேட்டேன், நினைவிருக்கிறதா? இதோ: 'சாரம், மூன்றாம் பதிப்பு, இருநூற்றுப் பதினான்கு கோப்புகள் கொண்டது. இதற்கு அப்பால் உள்ளதும் இனி உண்டாவதும் இதில் சேராது.'

விளங்குகிறதா? அவர்கள் வாங்கியது மூன்றாம் பதிப்பு. அது அவர்களுடையது, பேரன் பேத்தி வரைக்கும். நாலாம் பதிப்பு பாதி முடிந்திருக்கிறது என்று உன் கடிதத்திலேயே எழுதியிருக்கிறாய். அது அவர்கள் நிலத்தில் இல்லை. ஒரு மனையை விற்றவன் பக்கத்து மனையில் வீடு கட்டினால் அதையும் சும்மா தர வேண்டும் என்று யாரும் கேட்க முடியாது.

இதை வைத்து உன் தொழிலில் என்ன செய்யலாம் என்று எனக்குத் தெரியாது. உனக்குத் தெரியும். சீக்கிரம் எழுது.

அண்ணன்


பிப்ரவரி 11

அன்புள்ள அண்ணாவுக்கு,

அழுகைதான். இரண்டு கடிதத்துக்கும் சேர்த்து அழுதுவிட்டேன். இனி உங்களிடம் எதையும் மறைக்க மாட்டேன். மறைத்தது தப்பு. உங்களுக்காக என்று சொல்லிக்கொண்டேன். உண்மையில், சொன்ன பிறகு உங்கள் முகத்தை எப்படிப் பார்ப்பது என்ற பயம் எனக்குத்தான். இருமல், முழங்கால் இரண்டையும் பற்றி மறக்காமல் எழுதுங்கள், போன கடிதத்தில் நீங்கள் எழுதவே இல்லை.

உங்கள் இரண்டாம் பக்கத்தைச் சுவரில் ஒட்டிவிட்டு மூன்று பேரும் ஒரு நாள் முழுக்கப் பேசினோம். மூன்றாம் பதிப்பு அவர்கள் கையில் என்றைக்கும் இருக்கும், ஓடும். ஆனால் புதுப் போன்கள் வரும், அவற்றில் பழைய திரைகள் கோணிக்கொள்ளும். புதிய பதிப்பு வேண்டியவர்கள் ஆண்டுக் கட்டணம் கட்டட்டும். கட்டுகிற வரை வருகிற பதிப்பெல்லாம் அவர்களுக்கு. எப்போது நிறுத்துகிறார்களோ, அப்போது கையில் இருக்கிற பதிப்பு அவர்களுக்கே சொந்தம். நாங்கள் திருப்பிக் கேட்க மாட்டோம், பூட்டவும் மாட்டோம்.

"அப்படின்னா ஒரு வருஷம் கட்டிட்டு நிறுத்திடுவாங்களே" என்றாள் வரைகிறவள்.

சோதனைக்காரர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "நிறுத்தட்டும். அடுத்த பதிப்பு நல்லா இருந்தா திரும்பி வருவாங்க. நல்லா இல்லைன்னா எதுக்குக் கட்டணும்?" இத்தனை நாளில் அவர் இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை.

நேற்று நாற்பத்து மூன்று பேருக்கும் நானே எழுதிவிட்டேன். லைசென்ஸில் தவறுதலாக இப்படி எழுதிவிட்டோம், அதனால் மூன்றாம் பதிப்பு உங்களுடையது, அதற்குப் பணம் கேட்டு இனி வர மாட்டோம் என்று. வக்கீல் சொல்லி அவர்களுக்குத் தெரிவதைவிட நான் சொல்லித் தெரியட்டும். புதிய கட்டண முறையையும் அதிலேயே விளக்கி, எங்கள் இணையதளத்திலும் போட்டுவிட்டேன். யாரும் கட்டவில்லை என்றால் மார்ச் 31 அன்று விற்றுத்தான் ஆக வேண்டும். அதை மறைக்காமல் உங்களுக்கு எழுதுகிறேன்.

உங்கள்
பாப்பா


ஏப்ரல் 3

அன்புள்ள அண்ணாவுக்கும் அண்ணிக்கும்,

இங்கே மூவரும் நலம். இந்த முறை கடிதத்தை வீட்டு விலாசத்துக்கே அனுப்பியிருக்கிறேன், யார் வேண்டுமானாலும் பிரிக்கலாம்.

பேருந்து டிக்கெட் நிறுவனம் கட்டவில்லை. மூன்றாம் பதிப்பே போதும் என்று அந்த வக்கீல் நன்றி சொல்லி எழுதினார். பெரிய பணம் போனது போனதுதான். பிப்ரவரி முழுக்க வேறு யாரிடமிருந்தும் ஒரு பதிலும் இல்லை. பெரிய நிறுவனத்துக்கு அனுப்ப வேண்டிய சம்மதக் கடிதத்தை எழுதி மேஜையில் வைத்துவிட்டேன். அதன் மேல் தேநீர்க் கோப்பையை வைத்து வைத்து வட்டம் வட்டமாகக் கறை.

மார்ச் முதல் வாரம் கண்ணாடிக் கடை மென்பொருள் செய்கிற மூன்று பெண்களும் கட்டினார்கள். அதோடு ஒரு வரி: 'எங்களுக்குச் சும்மா கிடைத்ததைச் சும்மா கிடைத்தது என்று எங்களிடமே சொன்ன முதல் ஆள் நீங்கள்தான்.' அப்புறம் ஒரு நூலகத்துக்கு வேலை செய்கிறவர்கள். அப்புறம் ஒரே நாளில் ஐந்து பேர். மார்ச் 28 வரைக்கும் இருபத்தாறு. இது போக ஒன்பது பேர் புதிதாக வந்திருக்கிறார்கள். வேறொரு ஃப்ரேம்வொர்க்கை நம்பி இருந்தவர்களாம். திடீரென்று அங்கே விலையை மூன்று மடங்கு ஏற்றி, கட்டாதவர்களை வெளியே தள்ளிக் கதவைச் சாத்திவிட்டார்களாம். 'கட்டுவதை நிறுத்தினாலும் கையில் இருப்பது எங்களுடையது என்று எழுதியிருக்கிறீர்களே, அதற்காக வந்தோம்' என்றார்கள். அண்ணா, அது நீங்கள் தப்பாக எழுதிய வரியிலிருந்து முளைத்தது.

கூட்டிப் பார்த்தால் ஒரு வருஷத்துக்குப் போதும், நான் என் சம்பளத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டால். அதற்கு மேல் சொல்ல முடியாது. என் ஒருத்தியின் பிடிவாதத்துக்காக மற்ற இரண்டு பேரையும் பணயம் வைக்கக் கூடாது என்று 30ஆம் தேதி காலையில் இருவரையும் உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னேன்.

சோதனைக்காரர் கேட்டார், "வித்தா எங்களுக்கு வேலை இருக்குமா?"

"இருக்கும். இதைவிட நல்ல சம்பளம். அவங்க எழுதியே கொடுத்திருக்காங்க."

"சாரம் இருக்குமா?"

"ஆறு மாசம் இருக்கும்."

வரைகிறவளைப் பார்த்தார். அவள் செருப்பைக் காலால் தேடிக்கொண்டே, "நான் நாலாம் பதிப்புக்கு வரைஞ்ச திரையை இன்னும் யாருமே பார்க்கலை" என்றாள். அவர் நாற்காலியைத் திருப்பிக்கொண்டு தன் கம்ப்யூட்டருக்கே போய்விட்டார். "அப்புறம் எதுக்கு எங்களைக் கேக்கறீங்க? தேடுற பெட்டி இன்னும் ரெண்டு தடவை தட்டினாத்தான் திறக்குது. முதல்ல அதைப் பாருங்க."

நான் படியில் போய் உட்கார்ந்து அழுதேன். சலவைக் கடைக்காரம்மா என்ன ஏது என்று கேட்காமல் துவைத்து மடித்த துண்டு ஒன்றைக் கையில் கொடுத்துவிட்டுப் போனார். இன்னும் சூடாக இருந்தது.

பிறகு பெரிய நிறுவனத்துக்குப் போன் செய்து விற்பதாக இல்லை என்றேன். விலையை ஏற்றினார்கள். இல்லை என்றேன். "ரெண்டு வருஷத்துல யாரும் கட்டாம போனா என்ன பண்ணுவீங்க?" என்றார் போனில் பேசியவர். "அப்பவும் அவங்க கையில சாரம் இருக்கும்" என்றேன். சொன்ன பிறகுதான், இத்தனை வருஷமும் நான் பயந்தது எதற்கு என்று எனக்கே விளங்கியது. பணத்துக்கு அல்ல, ஒரு நாள் யாரோ ஒருவர் சாரத்தை இல்லாமல் ஆக்கிவிடுவார் என்றுதான். இனி யாராலும் முடியாது. என்னாலும் முடியாது. பழைய நாற்பத்து மூன்று, புதிய ஒன்பது, ஆக ஐம்பத்திரண்டு பேர் அதை ஆண்டு அனுபவித்துக்கொண்டிருக்கிறார்கள்.

தேடுகிற பெட்டியைச் சரி செய்துவிட்டேன். திங்கட்கிழமை நாலாம் பதிப்பு வெளியாகிறது. அதற்குப் பத்திரம் வேண்டும், எப்போது அனுப்புவீர்கள்?

அன்புடன்,
பாப்பா
சாரத்தின் ஐம்பத்து மூன்றாவது சொந்தக்காரி